இடப்பக்கம்

யெமிமா சிஸ்டர் சண்டைக்கு வரவில்லை.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி
வைப்பரில் செருகிவிட்டுப் போயிருந்தார்:
‘நைட் டூட்டி. எட்டு மணிக்குத்தான் படுக்கிறேன்.
உங்கள் வண்டி எட்டு பத்துக்கு எழுந்துவிடுகிறது.’

திட்டியிருந்தால்
நானும் இரண்டு வார்த்தை வைத்திருப்பேன்.

கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்த ஓடு,
கண்ணாடியிழை, தவளைப் பச்சை.
ராணிப்பேட்டை காயலான் கடையில்
எடைக்கு வாங்கிய எஸ்டீம் எஞ்சின்.
மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்.
கூரை இன்னும் போடவில்லை.
‘இன்னா சார், படகா கட்றே? பாலாத்துல தண்ணி எங்க கீது?’
என்று கேட்ட தண்ணி கேன் பையனுக்கு
இதற்குள் கல்யாணமே ஆகிவிட்டது.

பின்னால் பெட்ரோல் டாங்க். குழாய் போக வழியில்லை.
அதனால் இடது கதவுக்குக் கீழே,
பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் திறந்த வாய்.
காட்பாடிக்கே கேட்கிறது என்று
உள்ளூர ஒரு கர்வம் இருந்தது.
காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு
தெருவில் நடந்து பார்த்தேன்.
போகும்போது இடப்பக்கம் அவர் ஜன்னல்.
திரும்பும்போது இடப்பக்கம்
எப்போதும் பூட்டிய ரேஷன் கடை.
இத்தனை நாள் என் வண்டி
ஒரே ஒரு ஆளின் காதில்தான் ஓடியிருக்கிறது.

அக்னி நட்சத்திரம், பகல் இரண்டு மணி, மேல்விஷாரம்.
முனவ்வர் பழைய சைலன்சரை அறுத்துக் காட்டினார்.
பஞ்சு முழுக்க எரிந்து பறந்துபோய்
துளை போட்ட குழல் மட்டும் மிச்சம்.
‘சத்தத்த அடக்க இதுல ஒண்ணுமே இல்ல.
நாதஸ்வரத்த மாட்டிகினு ஓட்டியிருக்கீங்க.’

நீளம் இருந்தால் சத்தம் சாகும் என்றார்.
முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நாடா பிடித்து
உதட்டைப் பிதுக்கினார்.
உருண்டையாய்ப் போட்டால்
சத்துவாச்சாரி வேகத்தடை பிடுங்கிக்கொள்ளும்.
ஆகவே தட்டையாய், நீள்வட்டமாய்,
உள்ளே இரண்டு தடுப்புச் சுவர்.
கண்ணாடிப் பஞ்சைத் திணிக்கும் வேலை எனக்கு:
‘இறுக்கினா மூச்சு முட்டும், தளர்த்தினா கத்தும்,
தலகாணி மாதிரி வைங்க.’
முழங்கை வரை அரிப்பு, இரண்டு நாள்.
ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டு
கதவோரம் ஒரு தகடும் அடித்தார்,
ஏறுகிறவர் கெண்டைக்கால் வேகாமலிருக்க.
இதுவரை யாரும் ஏறியதில்லை என்பதை
நான் சொல்லவில்லை.

சாவியைத் திருப்பினேன்.
எஞ்சின் பிடிக்கவில்லை என்று மறுபடி திருப்ப
பல்சக்கரம் கிறீச்சிட்டது.
‘ஓடிகினுதான் இருக்கு’ என்று சிரித்தார் முனவ்வர்.

நெடுஞ்சாலையில் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன:
மூன்றாம் கியரின் முனகல்,
இடது கதவின் கிடுகிடுப்பு,
போன தீபாவளியிலிருந்து நான் தேடும் நட்டு
டாஷ்போர்டுக்குள் உருளும் ஒலி.
கிரீன் சர்க்கிள் சிக்னலில்
பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.
‘யார்கிட்ட சார் பேசிகினு கீறே?’

அப்போதுதான் எனக்கும் கேட்டது.
‘நீ சொல்ற தேதியில அப்பா ஆஸ்பத்திரியில இருந்தாரு,
பத்திரத்துல எப்படிடா கையெழுத்து, தயாளா?’
சாலையைப் பார்த்துக்
கேட்டுக்கொண்டிருந்த குரல்.

வேலைக்குப் போக, வர, ஒரு வருஷமாய்,
தம்பியிடம் கேட்க வேண்டிய அத்தனையையும்
வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.
உறுமல் அதை மூடிப் பிடித்திருக்கிறது.

பாலத்தின் கீழே மணல் வெளுத்துக் கிடந்தது.
விருதம்பட்டு தாண்டும் வரை
பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.
தொண்டை வலித்தது.

திங்கள். எட்டு பத்து.
இரண்டாம் கியரில் அவர் ஜன்னலைக் கடந்தேன்.
திரைச்சீலை அசையவில்லை.
தெருமுனை வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.
திரும்பியதும்
‘கேளு தயாளா’ என்றேன்,
விட்ட இடத்திலிருந்து.